அரைக்கடல், முழுக்கடல்

எங்கள் வீட்டில் இடது வலது என்ற பேச்சே கிடையாது. அடுப்பில் சட்டி சரிந்திருந்தால், "கொஞ்சம் கடலுக்குத் தள்ளுங்கோ" என்பாள் என் மனைவி. சுவரில் மாதா படம் கோணலாகத் தொங்கினால், லீவில் வந்து நிற்கும் மகள், "அரைக்கடல் நிமித்துங்கோ அப்பா" என்பாள். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அலுமாரி தூக்க வந்த ஒரு மனிதர், "அண்ணை, கடல் எந்தப் பக்கம் எண்டு முதல்ல சொல்லுங்கோ, கை உளையுது" என்று கெஞ்சியதும் உண்டு. எங்களுக்குப் பைத்தியம் ஒன்றும் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து விளையாடினாள், அதனால் வந்த வினை.

நான் மன்னாருக்கும் அடம்பனுக்கும் இடையே மினிபஸ் ஓட்டுகிறவன். பந்து விளையாட்டுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பந்து வளையத்துக்குள் விழவேண்டும் என்பது தெரியும். மற்றபடி மத்தியஸ்தர் எதற்காக விசில் ஊதுகிறார், ஊதியதும் ஏன் எல்லாரும் நடந்து போய் ஓரிடத்தில் நிற்கிறார்கள் என்பதெல்லாம் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் பிள்ளைகளைப் போட்டிக்கு ஏற்றி இறக்க வாகனம் வேண்டும் என்று விளையாட்டு ரீச்சர் கேட்டபோது, மகள்தான் அணித் தலைவி என்பதால் மறுக்க வாய் வரவில்லை. அப்படித்தான் நான் அந்த அணியின் சாரதி ஆனேன். மனைவி தானாகவே ஏறிக்கொண்டாள். அவளை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பாடசாலை மைதானத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் மணல், மணலுக்கு அந்தப் பக்கம் கடல். சீமெந்துத் தரை கரையோடு கரையாக நீளவாட்டில் கிடக்கும். ஒரு வளையம் இந்தத் தொங்கலில், மற்றது அந்தத் தொங்கலில். வைகாசியில் கடல் பக்கமிருந்து சோளகக் காற்று கிளம்பினால் புரட்டாதி வரைக்கும் அடங்காது. கொடியில் காயப்போட்ட சட்டையை அடுத்த வளவில் போய்த்தான் எடுக்கவேண்டும். அந்தக் காற்றை நம்பித்தான் இப்போது கரை நெடுகக் காற்றாலைகளை நட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். அதே காற்றுக்குக் குறுக்கேதான் எங்கள் பிள்ளைகள் பந்து எறிந்தார்கள். நேராக எறிந்த பந்து நேராகப் போகாது. நல்ல காற்று என்றால் ஒரு முழம் விலகி, வளையத்தைத் தொடாமலே ஊர்ப்பக்கம் போய் விழும்.

ஆகவே எங்கள் பிள்ளைகள் வளையத்தைப் பார்த்து எறிவதில்லை. கடல் பக்கமாகத் தள்ளி எறிவார்கள். காற்று பந்தைக் கொண்டுவந்து உள்ளே போடும். ரீச்சர் தோட்டவெளி ஊர்க்காரி, காற்றோடு வளர்ந்தவர். அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். "இடது வலது எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. பாதி ஆட்டத்தில பக்கம் மாறினா அதுவும் மாறிப்போம். கடல் மாறாது." காற்று பலமாக இருந்தால் முழுக்கடல். நடுத்தரம் என்றால் அரைக்கடல். சும்மா முகத்தைத் தடவினால் கால்கடல். இப்படி ஒரு அளவை அந்த மைதானத்தில் புழங்கியது.

மகளுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எதிரணி பிழை விட்டால், யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிய ஒரு வாய்ப்புக் கொடுப்பார்கள். தண்ட எறி என்று அதற்குப் பெயர். அப்போது அவள் குனிந்து தரையில் கிடக்கும் மணலை ஒரு கிள்ளு எடுத்து விரலிடுக்கால் விடுவாள். மணல் எவ்வளவு சரிந்து விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எறிவாள். அந்தத் தரையில் மணலுக்கா பஞ்சம்.

ஓடுகிற ஓட்டத்தில் மணல் பார்க்க நேரம் ஏது? அங்கேதான் என் மனைவி தேவைப்பட்டாள். வேப்பமரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்தால் மதிலுக்கு மேலே தலை நீட்டும் பனைகள் அவளுக்குத் தெரியும். ஓலை படபடவென்று அடித்தால், "முழுக்கடல்!" தலையை மட்டும் ஆட்டினால், "அரைக்கடல்!" அவள் சிறுவயதில் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தவள். தண்ணீர் லொறி வந்துவிட்டது என்று முகாமின் கடைசி வீடு வரைக்கும் கேட்கக் கத்துவது அங்கே அவளுடைய பொறுப்பாக இருந்ததாம். குடும்பம் ஊர் திரும்பியபோது அந்தத் தொண்டையும் கூடவே வந்துவிட்டது. கோபம் வந்தால் மட்டும் இந்தியத் தமிழ் எட்டிப் பார்க்கும். "என்னங்க நீங்க!" என்று அவள் தொடங்கினால் நான் பஸ் கழுவப் போய்விடுவேன்.

அவள் குரல் கேட்டதும் பிள்ளைகளுடைய கை தானாகக் கடல் பக்கம் திரும்பும். யோசிக்கவே மாட்டார்கள். வெளியூர் அணிகள் மத்தியஸ்தரிடம் போய், "அந்த அன்ரி என்னவோ சைகை சொல்லுறா" என்று முறையிட்டிருக்கிறார்கள். அவரும் வந்து விசாரித்தார். "காத்தைச் சொல்லுறன் ஐயா, அதுவும் குற்றமோ?" என்றாள். அவர் திரும்பிப் போனார்.

பக்கத்துக் கதிரை எருக்கலம்பிட்டி உம்மாவுக்கு. அணியிலேயே உயரமான பிள்ளையின் தாய் அவர். அந்தப் பிள்ளை தலையை மூடி, முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டு விளையாடும். வளையத்தடியில் எழும்பினால் மறிக்க ஆள் இல்லை. உம்மா சத்தமே போடமாட்டார். வாய் துஆ ஓதிக்கொண்டிருக்கும், கை எல்லாருக்கும் தின்னக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒருத்தி கத்த, மற்றவர் ஊட்ட, நல்ல சோடி.

இப்படியாக எங்கள் மைதானத்துக்கு வந்த ஒரு அணியும் வென்று போகவில்லை. ஒருமுறை கடலே இல்லாத உள்நாட்டுப் பட்டணம் ஒன்றிலிருந்து ஒரு பெரிய பாடசாலை அணி வந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சப்பாத்து, ஒரே மாதிரிப் பை. ஆட்டமும் அழகாகத்தான் ஆடினார்கள், ஆனால் பந்து ஊர்ப்பக்கம் ஊர்ப்பக்கமாகவே போனது. தோற்றார்கள். ஆட்டம் முடிந்து தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய தலைவி மகளின் கையைக் குலுக்கி, சிரித்த முகத்தோடுதான் சொன்னாள்: "உங்கட காத்து நல்லா விளையாடுது."

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். ஆனால் கையிலிருந்த ரோல்ஸை அவள் கடிக்கவே இல்லை, அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவர்கள் வந்த பஸ்ஸின் நாலு ரயரையும் இறக்கிவிட்டிருப்பேன். ரீச்சர் பக்கத்தில் நின்றதால் அது தப்பியது.

அன்று பின்னேரம் நான் பஸ்ஸுக்கு எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து படியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நாங்களோ வெல்லுறம், காத்தோ வெல்லுது?"

"நீங்கள்தான் பிள்ளை. இதிலென்ன சந்தேகம்?"

"உங்களுக்கு ரூல்ஸே தெரியாது. நீங்கள் சொல்லி நான் நம்பவோ?"

நான் எண்ணெய்க் கம்பியை இன்னொரு முறை துடைத்தேன்.

"இந்த வருசத்தோட நான் பள்ளிக்கூடம் விட்டுப் போயிருவன் அப்பா. அதுக்குள்ள காத்தில்லாத இடத்தில ஒரு மட்ச் வெல்லோணும். ஒண்டு காணும். இல்லாட்டி இது எனக்குக் காலம் முழுக்கக் கிடந்து அறுக்கும்."

அவள் எதையும் லேசில் கேட்கிற பிள்ளை இல்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தாலும் நாங்களாகத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அப்படிப்பட்டவள் இதை வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

மாகாணப் போட்டி அந்த உள்நாட்டுப் பட்டணத்திலேயே, கூரை போட்ட உள்ளரங்கில் நடக்க இருந்தது. முதல் ஆட்டமே அதே பாடசாலையோடு என்று ரீச்சர் செய்தி கொண்டுவந்தார். காற்றில்லாத இடத்தில் பழகவேண்டும். மன்னார்த் தீவில் சோளகக் காலத்தில் காற்றில்லாத இடத்துக்கு எங்கே போவது? கடைசியில் அடம்பனில் எனக்குத் தெரிந்த ஒரு முதலாளியின் நெல் ஸ்ரோர் ஞாபகம் வந்தது. நல்ல உயரமான கூரை, கதவைச் சாத்தினால் துளிக் காற்று இல்லை. அறுவடை நெல் விற்றுப்போய்ப் பாதி வெறுமையாகக் கிடந்தது. இரும்பு ஒட்டுக்கடையில் கம்பியை வளைத்து வளையம் செய்வித்து, ரீச்சர் அளந்து சொன்ன உயரத்தில் சுவரில் அடித்தேன். ஞாயிறு தோறும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனேன். நெல்லுத் தூசியில் தும்மித் தும்மி எறிந்தார்கள். முதல் நாள் எல்லாப் பந்தும் ஒரு பக்கமாகவே போனது. போகப்போகக் கை நேரானது. மகள் ஒரு பந்தும் பிசகாமல் போடத் தொடங்கியபோது ரீச்சர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. என் மனைவிக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, தும்மல் பிடித்தால் நிற்காது. அதனால் அவள் நெல் ஸ்ரோருக்கு ஒருநாளும் வரவில்லை.

போட்டி அன்று காலையில் எல்லாரும் புறப்பட்டோம். உம்மா ஒரு பெரிய பெட்டி நிறையத் தேங்காய்ப்பாலில் தொதல் கிண்டிக் கொண்டுவந்திருந்தார். மனைவி செபமாலையோடு முன் இருக்கையில். உள்ளரங்கைப் பார்த்ததும் பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். முகம் பார்க்கலாம் போல மினுங்கும் பலகைத் தரை. நான்கு மூலையிலும் ஆள் உயர மின்சாரக் காற்றாடிகள். சுவர் நெடுகப் பாடசாலைகளின் பதாகைகள். நாங்கள் மேலே படியில் இடம் பிடித்து உட்கார்ந்தோம்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. மகள் இரண்டு பந்து போட்டாள், உயரமான பிள்ளை ஒன்று போட்டது. எல்லாம் நேர். பிறகு எதிரணி மளமளவென்று போடத் தொடங்கியது. எங்கள் பிள்ளைகளுக்குப் பதற்றம் வந்தது, என் மனைவிக்கு அதைவிடப் பதற்றம். அவளுடைய கண் பனையைத் தேடியிருக்கவேண்டும். பனை இல்லை. ஆனால் வளையத்துக்குப் பின்னால் ஒரு பதாகை காற்றாடிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

"அரைக்கடல்!"

அந்தக் கூரைக்குக் கீழே அவள் குரல் இடி மாதிரி விழுந்தது. பந்தோடு எழும்பிய மகளின் கை தானாக விலகியது. பந்து வளையத்தின் விளிம்பில்கூடப் படவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். அவள் கத்தக் கத்தப் பிள்ளைகளுடைய கை கேட்டது. ஆனால் அந்த ஊரில் கடல் எந்தப் பக்கம்? ஒருத்தி இடது பக்கம் எறிந்தாள். மற்றவள் வலது பக்கம் எறிந்தாள். உயரமான பிள்ளை பந்தை வைத்துக்கொண்டு கடலைத் தேடுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றியது. அதற்கும் மத்தியஸ்தர் விசில் ஊதினார். ரீச்சர் கீழேயிருந்து மேலே திரும்பி இரண்டு கையாலும் கும்பிட்டார். நான் மனைவியின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "என்னங்க நீங்க! காத்து அடிக்குது, புள்ளைங்களுக்குத் தெரியல" என்று என் கையைத் தட்டிவிட்டாள். பின் படியில் இருந்த ஒருவர், "என்ன அண்ணை, இஞ்ச எங்க கடல்?" என்று சிரித்தார். "உங்களுக்கு வேலை ஒண்டும் இல்லையோ?" என்று அவருக்கு மட்டும் என்னால் பாயமுடிந்தது.

பாதி ஆட்டத்தில் அவர்களுடைய புள்ளி எங்களுடையதைப்போல இரண்டு மடங்கு.

இடைவேளையில் மகள் படிக்குக் கீழே கம்பிவேலியடியில் வந்து நின்றாள். முகமெல்லாம் வியர்வை. கோபிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கோபித்திருந்தாலும் பரவாயில்லை.

"அம்மா," என்றாள் மெல்லமாக. "இஞ்ச கடல் இல்லை."

மனைவி பதாகையைப் பார்த்தாள். காற்றாடியைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. முகம் வெளிறிப்போய், "நான் வெளியில போய் பஸ்ஸுக்குள்ள இருக்கிறன் பிள்ளை" என்று எழும்பினாள்.

"போகவேண்டாம். நீங்கள் இஞ்சயே இருக்கோணும். ஆனா கதையாதேங்கோ."

மகள் ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டாள். கதைக்காமல் இருப்பது எப்படி என்று என் மனைவி என்னைப் பார்த்தாள். இருபது வருடமாக அவளோடு வாழ்கிற எனக்கே அது தெரியாது. உம்மாதான் பெட்டியைத் திறந்தார். தொதலில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டி, "இதை வாயில போடுங்கோ தங்கச்சி. வாய் ஒட்டிக்கொள்ளும், திறக்க ஏலாது" என்று நீட்டினார். மனைவி அதை அப்படியே முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டாள். இரண்டு கன்னமும் உப்பிப்போய், கண் கலங்க, செபமாலையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

இரண்டாம் பாதியில் எங்கள் படியிலிருந்து சத்தமே இல்லை. பிள்ளைகள் ஒவ்வொரு எறிக்கும் முதலில் தயங்கினார்கள், காது எங்கள் பக்கமே இருந்தது. சத்தம் வராது என்று தெரிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக நெல் ஸ்ரோர்க் கை திரும்பி வந்தது. உயரமான பிள்ளை வளையத்தடியில் எழும்பி எழும்பிப் போட்டது. தொதல் கரையக் கரைய உம்மா அடுத்த துண்டை நீட்டிக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் இரண்டு பக்கமும் சமம். அப்போது மகளை யாரோ இடித்து விழுத்த, விசில். மகளுக்கு இரண்டு தண்ட எறி என்று பக்கத்தில் இருந்தவர் எனக்கு விளங்கப்படுத்தினார்.

முதல் எறியை அவள் அவசரப்பட்டு எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து வெளியே போனது. அரங்கு முழுக்க ஓவென்று கத்தியது.

இரண்டாவது எறிக்கு முன்னால் அவள் குனிந்தாள். நான் பயந்துபோனேன். பழைய ஞாபகத்தில் மணல் எடுக்கக் குனிகிறாள். அந்தத் தரையில் ஒரு மணி மண் கிடையாது. விரல் பலகையைத் தொட்டது, அப்படியே நின்றது. பிறகு வெறும் விரலைக் கிள்ளியபடி எழுந்து, கையை நீட்டி, இல்லாத மணலைக் கீழே விட்டாள். அது நேராகத்தான் விழுந்திருக்கும். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எறிந்தாள். பந்து எதிலும் படாமல் உள்ளே போனது.

எதிரணி கடைசியாக ஒரு முறை ஓடிவந்து எறிந்தது. விழவில்லை. விசில் ஊதியபோது முதல் தடவையாக அது எதற்கு என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஒரு புள்ளியால் வென்றோம். நான் உம்மாவுக்கும் ரீச்சருக்கும் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். பின் படியில் இருந்த அந்த மனிதரும் எழும்பிக் கைதட்டினார், நல்ல மனிதர்தான். எதிரணித் தலைவி வந்து மகளின் கையைக் குலுக்கி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லை அப்பா, நல்லா விளையாடினனீங்கள் எண்டாள்" என்றாள் மகள். நீங்கள் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்தினாள்.

பின்னேரம் நடந்த அடுத்த ஆட்டத்தில் வேறொரு அணியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. அந்த ஆட்டம் முழுவதும் என் மனைவி தொதல் இல்லாமலே பேசாமல் இருந்தாள். பஸ்ஸில் ஏறியும் பேசவில்லை. பிள்ளைகள் பின்னால் பாட்டும் கூத்துமாக வந்தார்கள். அவள் ஜன்னலோரம் தலையைச் சாய்த்து வெளியே பார்த்தபடி இருந்தாள். "இஞ்சாரும், தொண்டை நோகுதோ?" என்று கேட்டுப் பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினாள். தன் குரல் இனி யாருக்கும் வேண்டாம் என்று அவள் முடிவெடுத்துவிட்டாள் என்பது எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டில் அவள் பேசாவிட்டால் எப்படி இருப்பது என்று எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

பொழுதுபடுகிற நேரத்தில் மன்னார்ப் பாலத்துக்கு ஏறினோம். ஏறியதும் சோளகம் பஸ்ஸைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கியது. மகள் பின்னாலிருந்து எழும்பி, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னுக்கு வந்து தாயின் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, ஏன் இன்னும் கதைக்கிறியள் இல்லை?"

"நீதானே கதையாதேங்கோ எண்டனி."

"அது அங்க. இப்ப எங்கட காத்து வந்திட்டுது. சொல்லுங்கோ."

மனைவி ஜன்னலால் பார்த்தாள். திரும்பி மற்ற ஜன்னலாலும் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் கடல். எந்தப் பக்கமெண்டு சொல்லுறது?"

"நீங்கள் சும்மா சொல்லுங்கோ அம்மா. நாங்கள் எறியிறம்."

அவள் எழும்பி நின்றாள். முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகாமின் கடைசி வீட்டுக்குக் கேட்கிற அந்தக் குரலில், "முழுக்கடல்!" என்று கத்தினாள். பின்னால் அத்தனை பிள்ளைகளும் பந்தில்லாத கைகளைத் தூக்கி, காற்று வந்த பக்கத்துக் கடலுக்கு எறிந்தார்கள். ஸ்ரேறிங்கிலிருந்து நானும் ஒரு கையை எடுத்தேன்.